கோர்ட்டில் எழுந்து நின்ற அண்ணிக்கு

அண்ணி,

நேற்றுக் காலை நம் வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடிக்க ஒருவர் வந்திருந்தார். வேலை முடிந்ததும் பிரஷ்ஷைக் கழுவ ஒரு பழைய பாட்டிலைத் திறந்தார். மண்ணெண்ணெய். இப்போது யார் வீட்டிலும் இல்லாத அந்த வாசனை வாசலில் இருந்து மெல்ல நகர்ந்து சமையலறைக்குள் வந்தது. நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். பயம் வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே. நீங்கள்தான் வந்தீர்கள். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, மூக்கை லேசாகச் சுளித்துக்கொண்டு, எதையோ கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு.

"வாடை ஒத்துக்கலியாம்மா?" என்று அந்த ஆள் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க பாருங்க" என்றேன். அவர் போன பிறகும் ஜன்னலைத் திறக்கவில்லை. வாசனை தானாகப் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நீங்கள் போய் இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. அதற்குள் உங்களைப் பார்க்க இப்படி ஒரு வழி கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நீங்கள் நம் வீட்டுக்கு வாழ வந்தபோது எனக்குப் பதினாலு வயது, உங்களுக்குப் பதினெட்டு. அம்மா செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா, அண்ணன், நான். மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு பக்கமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் வந்த முதல் வாரமே மூன்று தட்டையும் ஒரே இடத்தில் வைத்தீர்கள். அந்த வருடங்களை இப்போது நினைத்தால் எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடந்ததுபோல் தோன்றுகிறது. வடக்குப்பட்டு கிராமத்தைத் தாண்டி நம் ஊருக்குப் போகும் வழியில் அந்த ஏரி. காலையில் கரை தெரியாமல் படர்ந்திருக்கும் பனி. நாம் இரண்டு பேரும் துணி மூட்டையோடு அதற்குள் நடப்போம். உங்கள் முகம் தெரியாது, குரல் மட்டும் கூடவே வரும். இன்று அந்தப் பக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் என் தூக்கத்தில் ஏரி அப்படியேதான் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் மாத்திரை அட்டை போடும் சின்னக் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்காக அண்ணனிடம் பேசியது நீங்கள்தான். சாயங்காலம் வந்து உட்கார்ந்ததும், "இன்னிக்கி இன்னா கலர் மாத்தர?" என்று கேட்பீர்கள். மஞ்சள் என்றால் மஞ்சளைப் பற்றி முழுக்கச் சொல்ல வேண்டும். மெஷினில் இருந்து எப்படி விழும், எப்படி எண்ணுவோம், உடைந்ததை என்ன செய்வோம் எல்லாம். அடுப்பு வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். நீங்களும் என் பக்கத்தில் லைனில் நிற்பதுபோல உங்கள் விரல்கள் லேசாக அசையும்.

ஏழுமலையைப் பற்றி நான் உங்களிடம் சொல்லவே இல்லை. பக்கத்து லேத்துப் பட்டறையில் வேலை, காலனிக்காரர், ஒரே பஸ். அவ்வளவுதான் எனக்கே அப்போது தெரிந்திருந்தது. ஒரு நாள் என் சாப்பாட்டு டப்பாவைக் கழுவ எடுத்தவர், மூடியை முகர்ந்து பார்த்தீர்கள்.

"கருவாட்டுக் கொழம்பு. நம்ம வூட்ல இந்த வாரம் கருவாடே வைக்கலியே, கோமளா."

நான் எழுந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். நீங்களும் அப்புறம் கேட்கவில்லை. மறுநாள் டப்பாவைத் திறந்தால் அதில் இரண்டு பேருக்குச் சோறு இருந்தது.

ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு சின்ன வாய்க்கால்தான். ஒரே எட்டில் தாண்டிவிடலாம். தாண்டினவர்களுக்கு என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரியும். அப்போது அதற்கு ஒரு பேர்கூட இல்லை அண்ணி. ஆணவக் கொலை என்றெல்லாம் பத்திரிகையில் வர ஆரம்பித்தது பின்னால்தான். நம் பக்கத்தில் ஸ்டவ் வெடித்தது என்பார்கள், கிணற்றில் தவறி விழுந்தாள் என்பார்கள், தீராத வயிற்றுவலி என்பார்கள். மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள்.

தொண்ணூற்றொன்றில், மாசி மாதம் என்று ஞாபகம், பஸ் ஸ்டாப்பில் எங்களை யாரோ பார்த்து அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். அண்ணன் என்னை அடிக்கவில்லை. அதுதான் விசித்திரம். வேலைக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. எனக்குக்கூட, கோபம் அடங்கிவிட்டது போலிருக்கிறது என்று ஒரு சின்ன நம்பிக்கை வந்தது.

நாலாம் நாள் மத்தியானம் அண்ணனும் அப்பாவும் பங்காளி வீட்டுக்குப் பேசப் போயிருந்தார்கள். நீங்கள் என்னைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனீர்கள். மாட்டுக்கொட்டகை மூலையில் வைக்கோலை விலக்கிக் காட்டினீர்கள். ஒரு தகர டின். மூடி வரை மண்ணெண்ணெய்.

"ரேஷன்ல ஊத்தினது சமையக்கட்டுல கீது, அடுத்தது ஊத்த இன்னும் இருவது நாள் ஆவும். இது எங்கேர்ந்து வந்துச்சி? நம்ம வூட்ல இதை எதுக்கு ஒளிச்சி வெக்கணும்?" உங்கள் குரல் நடுங்கவே இல்லை. "காலையில இன்னா சொன்னாரு தெரியுமா? புள்ளைங்கள இட்டுகினு உங்கம்மா வூட்ல ரெண்டு நாள் இருந்துட்டு வான்றாரு. ஆறு வருசத்துல அவரா ஒரு தபா என்னை அனுப்பினது இல்ல."

எனக்கு அப்போதும் புரியவில்லை. புரியாத மாதிரி இருக்க விரும்பினேன் என்று இப்போது தோன்றுகிறது. நீங்கள் என் இரண்டு தோளையும் பிடித்து ஒரே ஒரு முறை உலுக்கினீர்கள். பிறகு அழுக்குத் துணிகளை மூட்டையாகக் கட்டி என் தலையில் வைத்தீர்கள். துணிகளுக்கு நடுவில் என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். அண்ணனின் டிரங்குப் பெட்டியில் இருந்து அதை எப்போது எடுத்தீர்கள் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவள் தேவியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏரிக்கரை திரும்பும் இடம் வரை கூட வந்தீர்கள். எதிரில் வந்தவர்களிடம் "வெயில்ல சீக்கிரம் காஞ்சிடும்" என்று சாதாரணமாகப் பேசினீர்கள். கரை முனையில், "நேரா போய்க்கினே இரு. திரும்பிப் பாத்தா எனக்குக் காலு தளந்துடும்" என்றீர்கள். நான் திரும்பவில்லை. தண்ணீர் பாதி வற்றிய ஏரிப் படுகையில் வெள்ளைக் கொக்குகள் நின்றிருந்தன. நான் பக்கத்தில் போயும் அவை பறக்கவில்லை. கால் தரையில் பட்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை. ரோட்டுக்கு எப்படி வந்தேன், பஸ்ஸில் எப்படி ஏறினேன், எதுவும் இல்லை. மூட்டையோடு பட்டறை வாசலில் நின்றபோது ஏழுமலை என்னைப் பார்த்த பார்வை மட்டும் இருக்கிறது.

அவருடைய முதலாளியின் மனைவிக்குக் குன்றத்தூரில் ஒரு மாதர் சங்கத்தைத் தெரியும். ஒரு தையல் வகுப்பும் இரண்டு பெஞ்சும்தான் சங்கம். அங்கே பத்துப் பெண்கள் முன்னால் மாலை மாற்றினோம். அவர்களில் ஒரு வக்கீலம்மா இருந்தார். கறுப்புக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறவர். அவர்தான், "கல்யாணம் முடிஞ்சது. கஷ்டம் இனிமேதான். எது நடந்தாலும் மாஜிஸ்ட்ரேட்டைப் பாக்காம உன்னை யார்கூடவும் அனுப்பக்கூடாதுன்னு சொல்லு" என்று என்னை மனப்பாடம் செய்ய வைத்தார்.

அண்ணன் போலீசுக்குப் போனார். பதினேழு வயதுப் பெண்ணைக் கடத்திவிட்டார்கள் என்று புகார். ஏழுமலையின் அப்பாவைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். நாங்கள் போகாமல் இருக்க முடியவில்லை. அந்த ஸ்டேஷனில் எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் பேசினார்கள். "பெத்தவங்கம்மா. ஒண்ணும் பண்ண மாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. போய் ரெண்டு நாள் இருந்துட்டு வா." வக்கீலம்மா சொன்னதை நான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். எனக்குத் தெரிந்த சட்டம் அந்த ஒரு வரிதான். சங்கத்துப் பெண்கள் வாசலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை என்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

இதற்கு நடுவில் உங்களுக்கு நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னை அனுப்பிவிட்டு, அண்ணன் சொன்னபடியே நீங்கள் பிள்ளைகளோடு உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டீர்கள்; அன்றே அண்ணன் அங்கே வந்திருக்கிறார். உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேவியை மட்டும் தூக்கிக்கொண்டு, "அவ கெடைக்கிற வரைக்கும் இது என்கூட இருக்கட்டும். உன் வாயி எப்படி இருக்குதோ, அதப் பொறுத்து உன் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கோர்ட் ஹாலில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. மாஜிஸ்ட்ரேட் வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மார்க் ஷீட்டைப் பார்த்தார். இருபது வயது. அண்ணன் தலை குனிந்தது. பிறகு அவர் என்னிடம் கேட்டார்: "அவங்க உன்னை நல்லா பாத்துக்கிறோம்னு சொல்றாங்க. வீட்டுக்குப் போக உனக்கு ஏதாவது பயம் இருக்காம்மா?"

எதிரில் அப்பா நின்றிருந்தார். தோளில் துண்டு இல்லாமல், அவரை நான் பார்த்தே இராத மாதிரி. பயம் என்று சொன்னால் அவரைக் கொலைகாரர் என்று சொல்வதாகும். எனக்கு நாக்கு எழவில்லை.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

கடைசி பெஞ்சில் நீங்கள். சின்னவள் உங்கள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா நீ?"

"அவளுக்கு அண்ணி. அதோ நிக்கிறாரே, அவரு சம்சாரம்."

ஹால் முழுக்கத் திரும்பியது. முன்னால் வரச் சொன்னார்கள். குழந்தையை வக்கீலம்மாவின் கையில் கொடுத்துவிட்டுக் கூண்டில் ஏறினீர்கள். டின் இருந்த இடம், எந்த நாள் பார்த்தது, ரேஷன் எப்போது, உங்களை ஊருக்குப் போகச் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, கடையில் சாமான் சொல்வதுபோலச் சொன்னீர்கள். அழவில்லை. கடைசியில் மட்டும், "அவளை அனுப்பாதீங்கய்யா. அனுப்பினா ஸ்டவ் வெடிச்சிடுச்சின்னு உங்ககிட்டதான் காயிதம் வரும்" என்றீர்கள். பேசிய நேரம் முழுக்க நீங்கள் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்க்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் மேஜர், என் விருப்பப்படி போகலாம் என்று உத்தரவு எழுதினார்கள். எங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று அண்ணனிடம் எழுதி வாங்கச் சொன்னார்கள், ஏழுமலையின் அப்பாவை விடச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. வெளியே வேப்பமரத்தடியில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். உங்கள் அம்மா வீட்டில் இருந்து வந்த ஒரு ஆள், "இனிமே அந்தப் பக்கம் வர வேணான்னு சொல்ட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள், ஏதோ கடை இன்றைக்கு லீவு என்று கேட்டதுபோல.

"எங்ககூட வாங்க அண்ணி" என்றேன்.

"வரேன். தேவி மட்டும் அங்க கீதே" என்றீர்கள். அப்போதுதான் உட்கார்ந்தீர்கள்.

குன்றத்தூரில் ஒற்றை அறையில் நாம் நாலு பேரும் இருந்தோம். தேவிக்காக வக்கீலம்மா வழக்குப் போட்டார். சனிக்கிழமைகளில் கோர்ட் வராந்தாவில் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்றார்கள். அவள் ஒரு மணி நேரமும் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். நீங்கள் அந்த முதுகைப் பார்த்து வாரக் கதைகளை எல்லாம் சொல்லுவீர்கள். தங்கச்சிக்குப் பல் முளைத்தது, அத்தைக்குச் சமையல் வரவே இல்லை, மலைமேல் மணி அடிப்பது நம் அறைக்குக் கேட்கும். இப்படி நாலு வருடம். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு நம் தெருமுனையில் அப்பா நின்றிருந்தார். கையில் தேவி, அவள் கையில் ஒரு மஞ்சள் பை. "இத்த வெச்சிக்கம்மா. அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று உங்களிடம் சொன்னார். என்னைப் பார்த்தார். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். குடிக்காமலே பஸ் ஏறிவிட்டார். நான் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி.

பிறகு ரோடு அகலமானது. கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றில் நீங்கள் கேன்டீனில் சேர்ந்தீர்கள். தெற்கே இருந்து வேனில் வந்து இறங்கிய பெண்கள் ஷிஃப்ட் முடிந்து உங்களிடம் தட்டை நீட்டுவார்கள், யார் சாப்பிடவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் ஒவ்வொருத்தியாகச் சங்கத்து அறைக்கு வந்தார்கள். நானும் வக்கீலம்மாவும் வயது, சர்டிபிகேட், முகவரி என்று கேட்போம். நீங்கள் வேறு கேட்பீர்கள். "வூட்ல புதுசா இன்னா வாங்கினாங்க? யாரை ஊருக்கு அனுப்பினாங்க? திட்டிக்கினு இருந்தவங்க எப்பலேர்ந்து திட்றதில்ல?" முதலில் அந்தப் பெண்களுக்கு ஒன்றும் புரியாது. யோசித்துப் பார்த்துச் சிலர் வெளுத்துப் போவார்கள். வக்கீலம்மா அந்த மூன்று கேள்வியையும் தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார். மனுவில் அவற்றின் பதில்களைத்தான் முதலில் எழுதினார்.

பேச்சியம்மாளை மட்டும் நம்மால் காப்பாற்ற முடியவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். செல்போன் கம்பெனி லைனில் வேலை. கல்யாணம் செய்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அம்மா போனில் அழுகிறாள் என்று வந்து சொன்னாள். "கோயில் கொடைக்கு வான்னு கூப்பிடுதாக்கா. ரெண்டு நாள்ல வந்துருதேன்." நீங்கள் உங்கள் மூன்று கேள்விகளையும் கேட்டீர்கள். மூன்றுக்கும் அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். அம்மா அழுததில் உங்களுக்கும் மனசு இளகிவிட்டது. "போய்ட்டு வா, பத்தரம்" என்றீர்கள். அவள் வரவில்லை.

அந்தக் கொலை வழக்கில் நாம் இருவரும் சாட்சி. மூன்று வருடத்தில் எத்தனை முறை ரயில் ஏறினோம்! நீங்கள் வழியில் ஒரு வாய் சாப்பிட மாட்டீர்கள். அவளுடைய அண்ணனுக்கு ஆயுள் தண்டனை என்று நீதிபதி படித்தபோது நான் உங்கள் கையைப் பிடித்தேன். ரயிலில் திரும்பிய அடுத்த நாள் காலை, இருவரும் குன்றத்தூர் மலைப்படி ஏறினோம். பாதியில் உட்கார்ந்துவிட்டீர்கள். கீழே மூடுபனியில் வீடுகள் மிதந்துகொண்டிருந்தன.

"அந்தாளு கையப் பாத்தியா கோமளா? கூண்டுக் கம்பியைப் புடிச்சிகினு நின்னானே. தங்கச்சியத் தூக்கி வளத்த கைதான அதுவும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். "உனக்காகத்தான் அன்னிக்கு நான் எழுந்து நின்னேன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. உங்க அண்ணன் மேல எனக்கு ஆச இல்லாம இல்ல. அந்தக் கை அப்படி ஆயிடக் கூடாதுன்னும்தான் நின்னேன். அது அவருக்குத் தெரியாது. தெரியாமயே போவட்டும்னு இருந்துட்டேன்."

உங்கள் கையைப் பிடித்து எழுப்பினேன். மீதிப் படிகளையும் ஏறினோம்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். என்னால் முதலில் அடையாளம் தெரிந்துகொள்ள முடியவில்லை. அப்பா மாதிரியே முதுகு வளைந்துவிட்டது. தேவி பார்த்துவிட்டு உள்ளே எழுந்து போய்விட்டாள். அவர் செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று, உங்கள் படத்தைத் தூரத்தில் இருந்து பார்த்தார்.

"என்னிய பத்தி எப்பனா எதுனா சொன்னாளா?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. "சொன்னாங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மாட்டுக்கொட்டகை, தேவியின் முதுகு, நீங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்த விதம் எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்பதுபோல. அவர் சரி என்று திரும்பி நடந்தார்.

அன்றிலிருந்து நான் தூங்கவில்லை அண்ணி. நீங்கள் விட்டுப் போனவற்றில் வேலைகள் எல்லாம் எனக்குப் பழக்கமானவைதான். சங்கத்து அறைச் சாவி என்னிடம் இருக்கிறது. போன வாரம்கூட ஒரு பெண்ணோடு ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தேன். அவளை அனுப்பவில்லை. அவற்றைச் சுமக்க எனக்குத் தெரியும். இந்த ஒரு வார்த்தையைத்தான் சுமக்கத் தெரியவில்லை. தெரியாமலே போகட்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். ஆனால் அவர் அறுபத்தைந்து வயதில் இரண்டு பஸ் மாறி வந்து கேட்டார். அவர் கேட்பார் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு பஸ் ஏறப் போகிறேன். அன்றைக்கு மூட்டையோடு வந்த பிறகு இதுதான் முதல் தடவை. அவரை மன்னிக்கப் போகவில்லை. அதை நீங்கள்கூட என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. வாசலில் நின்றபடியே நீங்கள் அன்று எழுந்து நின்றது அவருக்காகவும்தான் என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அதற்குப் பிறகு அதை வைத்துக்கொண்டு அவர் எப்படி இருப்பாரோ, அது அவர் பாடு.

உங்கள்
கோமளா